ஒரு வாங்கும் ஒரு குறுக்குவழியும்

தெற்கு லண்டன் குறொய்டன் நகரசபையாருக்கும், ஜோன் விட்கிஃப்ட் அறக்கட்டளையினருக்கும், விட்கிஃப்ட் சென்ரர் என்ற கடை வளாகத்தை மாற்றிக் கட்டப்போகும் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தை மாதக் காலை. குடிவரவு அலுவலகமான லூனர் ஹவுஸில் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டு வெல்லஸ்லி றோட்டைக் கடந்து விட்கிஃப்ட் சென்ரருக்குள் வந்தேன். சாமான் வாங்க இல்லை. கால் விறைத்துப்போயிருந்தது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு வாங்கில் இருந்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, சில்லுவைத்த பையைக் காலடியில் நிறுத்திவிட்டு, பேப்பரில் சுற்றிவந்த பாணைத் தின்றுகொண்டிருந்தார். எங்கள் இருவரையும் ஒருவரும் எழும்பச் சொல்லவில்லை. பிறகு மறுபக்கக் கதவால் நோர்த் எண்டுக்கு இறங்கி, 109 பஸ் பிடித்து நோர்பரிக்கு வந்தேன்.

அந்தக் குறுக்குவழியையும் அந்த வாங்கையும் பற்றித்தான் இந்த மடல்.

இந்த நிலத்தின் கதை உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் வரைபடம் கீறுகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் சொல்கிறேன். கடைகள் வருமுன் இங்கே இருந்தது பள்ளிக்கூடம். 1965 இல் ட்ரினிற்றி பாடசாலை ஷேர்லிக்கு இடம்பெயர்ந்த பிறகுதான் கட்டிட வேலை சூடுபிடித்தது. 1968 இல் முதல் கடைகள் திறந்தன. 1970 இல் கென்ற் கோமகள் வந்து முறைப்படி திறந்துவைத்தார். அப்போது நடைபாதைகளுக்குக் கூரை கிடையாது. கண்ணாடிக் கூரை பின்னால் வந்தது. நிலம் அறக்கட்டளையின் சொத்து. 1596 இல் பேராயர் விட்கிஃப்ட் முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் என்று தொடங்கிய தர்மம் அது. ஆகவே இங்கே நாங்கள் வாங்கிய சப்பாத்துக் காசில் ஒரு துளியாவது அந்தத் தர்மத்துக்குப் போயிருக்கும். எனக்கு அது பிடித்த கணக்கு.

பிறகு வந்த வருடங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2005 இல் பக்கத்துப் பெரிய கடையான ஆல்டர்ஸின் நிறுவனம் சரிந்தது. 2013 இல் கடை வளாகங்கள் கட்டும் வெஸ்ற்ஃபீல்டும் ஹமர்சனும் கைகோத்துப் பெரிய திட்டம் ஒன்றை அறிவித்தன. 2017 இல் அதற்குத் திருத்திய அனுமதி. 140 கோடி பவுண் என்றார்கள். 2020 இல் நகரசபையே கையில் காசில்லை என்று அறிவித்தல் போட்டது. பிறகு ஹமர்சன் தன் பங்கை விற்றுவிட்டு விலகியது. என் மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் கேட்ட "வெஸ்ற்ஃபீல்ட் வருது" என்ற பேச்சை, அவளுடைய பிள்ளையும் இப்போது கேட்கிறது. வரும் என்று நம்பியே பல கடைக்காரர் புதுக் குத்தகை எடுக்கத் தயங்கினார்கள். ஷட்டர் இழுத்த கடை ஒன்று பக்கத்துக் கடையையும் படுக்கவைக்கும் என்பதை யாழ்ப்பாணத்தில் பெட்டிக்கடை வைத்திருந்த என் அப்பாவே சொல்லுவார்.

சென்ரர் வடிவான கட்டிடம் என்று நான் வாதாடவில்லை. ஆனால் பேராயர் விட்கிஃப்ட் முதியோர் குடியிருக்கக் கட்டுவித்த, மூலையில் நிற்கும் அந்த அன்புமனையைப் பாருங்கள். தெருவை அகலிக்க அதை இடிக்கப் பார்த்தார்கள். 1923 இல் பிரபுக்கள் சபை குறுக்கே நின்றதால் தப்பியது. அதற்குள்ளே முதியவர்கள் இன்றும் குடியிருக்கிறார்கள். சென்ரருக்காகப் பிரபுக்கள் சபை வரப்போவதில்லை. அதனால் நான் கேட்பது கொஞ்சம்தான்.

வெல்லஸ்லி றோட்டிலிருந்து நோர்த் எண்டுக்கு நடந்துபோகும் வழி, வீடுகள் கட்டினாலும் கடைகள் கட்டினாலும் திறந்தே இருக்க வேண்டும். இருக்கை என்றால் கோப்பிக் கடைக்காரனின் கதிரை அல்ல. ஒன்றும் வாங்காதவரும் இருக்கக்கூடிய வாங்கு. மழை படாத இடத்தில். பக்கத்தில் காசு கேட்காத கழிப்பறை ஒன்று. அதோடு, காப்பாற்ற முடியாத திகதியை இனி அறிவிக்காதீர்கள்.

அடுத்த முறை மக்கள் பார்க்கப் படம் வைக்கும்போது, மரங்களைப் பச்சையாகக் கீறுவதுபோல வாங்குகளையும் குறித்துக் காட்டுங்கள். நான் வந்து எண்ணிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
நோர்பரிவாசி ஒருவர்