செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் திரைப்படச் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஐந்து முறை கூடியது. குறும்படப் பட்டறை வழக்கம்போல் நடந்தது. புரொஜெக்டருக்குப் புது விளக்கு போட்டோம்.

அடுத்து தெல்மா ரிட்டர் பட வரிசை. நான் கொண்டுவந்த திட்டம் என்பதால் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். "யார் இந்த அம்மா? கதாநாயகி படம் போட்டால் கூட்டம் வருமே" என்று போன பொதுக்குழுவிலேயே கேட்டார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த குணச்சித்திர நடிகை அவர். மேடையில் தொடங்கி, பிள்ளைகளை வளர்க்க நடிப்பை விட்டு, பிறகு வானொலி நாடகம் வழியாகத் திரும்பினார். முதல் படம் 1947-இல், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு. 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' படத்தில் மகனுக்குப் பொம்மை தேடிக் கால் ஓய்ந்த தாய். சில நிமிடம்தான், டைட்டிலில் பெயர்கூடக் கிடையாது. 1950 முதல் 1953 வரை வருடம் தவறாமல் நான்கு, அப்புறம் இரண்டு, ஆக ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள். ஒன்றிலும் விருது இல்லை. மேடைதான் கைகொடுத்தது: 1958-இல் 'நியூ கேர்ள் இன் டவுன்' இசை நாடகத்துக்காக டோனி விருது, அதே நாடகத்தில் நடித்த க்வென் வெர்டனோடு சேர்த்து.

ஆறு பரிந்துரைக்கு ஆறு படம் என்று திட்டமிட்டோம். நான்கோடு நின்றுவிட்டது. 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' அன்று மழை, வந்தவர்கள் பதினொரு பேர். டை விற்றும் போலீசுக்குத் துப்புக் கொடுத்தும் தன் அடக்கச் செலவுக்குக் காசு சேர்க்கும் மோ என்ற கிழவியாக அதில் ரிட்டர். அநாதைப் பிணமாகப் போய்விடக் கூடாது என்பதுதான் அவளுக்குப் பயம். துப்பாக்கியோடு வந்தவன் எதிரே படுக்கையில் சாய்ந்தபடி, உடம்பு அசந்துவிட்டது என்கிறாள். கெஞ்சவில்லை, குரல்கூட உயரவில்லை. விளக்குப் போட்ட பிறகும் அந்தப் பதினொரு பேரும் எழுந்திருக்கவில்லை. மற்றவர்களும் இருந்திருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

மொத்த உறுப்பினர்கள் எண்பத்து நான்கு. சந்தா கட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. ஒரு திரையிடலுக்கும் வராதவர்கள், வாட்ஸ்அப்பில் மட்டும் "படத் தேர்வு சரியில்லை" என்று எழுதுகிறார்கள். வந்து பார்த்துவிட்டுச் சொன்னால் தலைவணங்கி ஏற்பேன்.

வரவு செலவு ஏறக்குறைய சமம். அரங்க வாடகையில் கொஞ்சம் பாக்கி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. அரங்கம் தந்தவர்களுக்கும், நாற்காலி எடுத்துப் போட்ட இளைஞர்களுக்கும், துணை நின்றவர்கள் எல்லோருக்கும் நன்றி.

'பில்லோ டாக்', 'பேர்ட்மேன் ஆஃப் அல்கட்ராஸ்' இரண்டும் மீதி இருக்கின்றன. சந்தா நிலுவை வந்தால் இரண்டையும் ஒரே மாதத்தில் போட்டுவிடலாம். வராவிட்டால் அரங்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் மேசையில் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்