காற்று குறைந்தால் பிரேக்கும் பிடிக்காது

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மாலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அம்மா நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டார் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உனக்கு ஒரு தட்டு, எனக்கு ஒரு தட்டு என்று வைத்த கை அது. நான் விசாரித்ததாகச் சொல்.

"சக்கர நாற்காலி வாங்கியாகிவிட்டது, இனி கவலை இல்லை" என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிதான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது. இவருக்குப் பக்கவாதம் வந்த முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் இரவு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போது, இரண்டு பக்கப் பிரேக்கையும் போட்டுவிட்டுத்தான் இவரைத் தூக்கினேன். பாரம் சாய்ந்ததும் நாற்காலி பின்னால் நகர்ந்துவிட்டது. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்புதான், எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதன் பிறகு எத்தனையோ நாள், கட்டிலுக்கு மாற்றலாம் என்றாலே என் தோளை இறுகப் பிடித்துக்கொள்வார். அந்தப் பிடி இன்னும் எனக்கு மறக்கவில்லை.

மறுநாள் தெருமுனை சைக்கிள் கடைப் பெரியவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பிரேக்கைத் தொடவே இல்லை. டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். பழுத்த கொய்யா மாதிரி உள்ளே போனது. "இந்தப் பிரேக் டயரை அழுத்தித்தான் வண்டியை நிறுத்தும் அம்மா. டயரே தொங்கிக் கிடந்தால் எதை அழுத்தும்?" என்று கேட்டார். காற்றடித்த பிறகு அதே பிரேக்கைப் போட்டுக் காட்டினார். முந்தின இரவு டயரைத் தொட்டும் தொடாமலும் நின்ற இரும்புக் கட்டை, ரப்பரில் பதிந்து உட்கார்ந்தது. அடித்த காற்று நாளடைவில் தானாகவே இறங்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் உனக்குச் சொல்கிறேன்.

எவ்வளவு காற்று என்று டயரின் பக்கவாட்டிலேயே எண் போட்டிருக்கும். வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது காற்றையும் பார்த்துவிடு, பழக்கமாகிவிடும். காற்று பார்த்ததும் பிரேக்கைப் போட்டு, ஆள் இல்லாத நாற்காலியை நன்றாகத் தள்ளிப் பார். சக்கரம் அசையக்கூடாது. உன்னுடையது காற்றில்லாத கெட்டி டயர் என்றாலும் இதைச் செய். ரப்பர் தேயத் தேய அதிலும் பிரேக் தளரும்.

அடுத்தது முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம். ஒரு மாதம் நாற்காலி ஒரு பக்கமாகவே இழுத்தது. பேரிங் போய்விட்டது என்று நினைத்துக் கவிழ்த்துப் பார்த்தால், அச்சைச் சுற்றி என் தலைமுடி! புடவை நூலும் அதோடு சேர்ந்து கயிறாகவே முறுக்கிக் கிடந்தது. பிளேடால் வெட்டி, இடுக்கியால் இழுத்து எடுத்தேன். இப்போது மாதம் ஒருமுறை அச்சைக் கழற்றித் துடைக்கிறேன். தேங்காய் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதே. அது தூசியைச் சேர்த்துப் பசையாக்கிவிடும்.

எங்கள் பக்கம் உப்புக்காற்று வேறு. காசிமேட்டுக் கடற்கரை கூப்பிடு தூரம்தான். குரோம் பூச்சு எங்கே உரிந்திருக்கிறதோ அங்கே துரு பிடித்துவிடும். வெளியே போய் வந்ததும் ஈரத்துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்துவிடுவேன். குழாயைப் பிடித்து அடித்துக் கழுவுவது கூடவே கூடாது, தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் அதையும் பார்த்தாகிவிட்டது. இவரைக் கட்டிலில் ஏற்றுவதற்குள் வீட்டில் கணுக்கால் அளவு தண்ணீர், நாற்காலியை மறந்தே போனேன். தண்ணீர் வடிந்த பிறகு சின்னச் சக்கரத்தைச் சுழற்றினால் கரகரவென்று மணல் அரைபடும் சத்தம். முன் பேரிங் இரண்டையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. உங்கள் ஊரில் வெள்ளம் வராவிட்டாலும், குளியலறைத் தண்ணீரில் நிறுத்தி வைக்காதே.

நாற்காலியோடு அம்மாவைப் படியேற்ற ஆள் கூப்பிட்டால், எங்கே பிடிக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடு. பக்கவாட்டில் கை வைக்கும் தாங்கியையும் கால்மிதியையும் பிடித்துத் தூக்கினால் கழன்று கையோடு வந்துவிடும். சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். வாசலில் சாய்தளம் கட்டுவதாக இருந்தால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். எங்கள் வாசல் அரை அடிதான், ஆறடிக்குப் பலகை போட்டிருக்கிறோம்.

மெத்தையைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. உட்காரும் துணி தொய்ந்தால் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மெத்தை அமுங்கிப் போனால் எலும்பு பலகையில் உட்கார்ந்த மாதிரிதான், புண் வர அதிக நாள் ஆகாது. அம்மா உட்கார்ந்திருக்கும்போது மெத்தைக்கு அடியில் உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நுழைத்துப் பார். எலும்பு கையில் தட்டினால் மெத்தையை மாற்றிவிடு, அதற்குக் காசு பார்க்காதே. மணிக்கணக்கில் ஒரே மாதிரி உட்காரவும் விடாதே.

ஒரு நல்ல செய்தி. போன மாதம் இவரை மெட்ரோவில் திருவொற்றியூர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். 2021இல் விம்கோ நகர் வரை நீட்டினார்களே, அந்த வழிதான். இங்கே லிஃப்டில் இறங்கி, அங்கே லிஃப்டில் இறங்கி, யாரையும் தூக்கச் சொல்லாமல் போய் வந்தோம். ரயிலில் ஏற்றும்போது பெரிய சக்கரம் முதலில் போகும்படி பின்பக்கமாக இழுத்தேன். இல்லாவிட்டால் சின்னச் சக்கரம் இடைவெளியில் மாட்டும். ரயில் மேம்பாலத்தில் ஏறியதும் இவர் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐந்து வருடமாக எங்கள் தெருவைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜைக்கு நாற்காலிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். பொட்டைத் தன் கையால்தான் வைப்பேன் என்று இவருக்குப் பிடிவாதம்.

உன் நாற்காலியின் டயரில் என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்த்து எழுது. காற்றடிக்கும் பம்ப் அங்கே கிடைக்காவிட்டால் சொல், தம்பி அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருகிறான், கொடுத்து அனுப்புகிறேன். அம்மாவைப் பார்க்க நான் தை மாதம் வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி