உலையின் இரவு வெப்பநிலையையும் காட்டுங்கள், ஐயா

மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். இரசாயனத் திரவக் கழிவை எரிக்கும் உலை பற்றி எங்கள் ஊரார் கொடுத்த மனுக்களெல்லாம் தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. அந்தக் கதையை மறுபடி சொல்லப்போவதில்லை. போன வாரம் வந்த பதில்தான் எழுத வைத்தது. ‘ஆய்வின்போது புகை வரம்புக்குள் இருந்தது’ என்கிறது. ஆய்வு நடந்தது பகல் பதினொரு மணிக்கு. எங்களுக்கு மூச்சு முட்டுவது இரவு பதினொரு மணிக்கு.

அக்னி நட்சத்திரத்தில், கரண்ட் போன இரவில், ஜன்னலையெல்லாம் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி செருகிப் படுத்துப் பார்த்திருக்கிறீர்களா? திறந்தால் தின்னர் கருகின மாதிரி நெடி, தொண்டை எரிகிறது. சாத்தினால் வேர்த்து ஊற்றுகிறது. ஆஸ்துமாக்காரியான என் அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தே விடிய வைக்கிறார். பகலில் வந்து பார்த்தால் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். நன்றாக இருக்கிறார் என்று அதையும் எழுதிக்கொண்டு போகலாம்.

எரிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ராவோடு ராவாக டேங்கரை ஓடையில் திறந்துவிடுவதைவிட முறையாக எரிப்பது எவ்வளவோ மேல். முறை என்ன என்பது தாங்கள் அறியாததல்ல: உலையின் இரண்டாம் அறையில் 1100 டிகிரி செல்சியஸ், புகை அங்கே 2 விநாடியாவது நிற்க வேண்டும், பிறகு சட்டென்று குளிர்விக்க வேண்டும். குளோரின் கலந்த கரைப்பான் அரைகுறையாக எரிந்தாலும், புகை மெல்ல ஆறினாலும் டையாக்சின் என்கிற கொடிய நச்சு உண்டாகும். ஒரு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம்தான் அதற்கு வரம்பு. அது கண்ணுக்குத் தெரியாது, தினசரி ஓடும் கருவியிலும் வராது. எங்களுக்கு மிஞ்சுவது வெப்பநிலைப் பதிவு ஒன்றுதான். அதிலும் இரவுப் பதிவு.

தொழிற்சாலை வாசலில் விவரப் பலகை வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2003லேயே உத்தரவிட்டது. இங்கும் பலகை மின்னுகிறது. அதில் ஓடுவது ‘நல்வரவு’. ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம் வந்தால் அதன் அடியிலேயே மரக்கன்று நட்டுப் படம் எடுக்க அதிகாரிகளுக்கு நேரம் கிடைக்கிறது. ஏரியைத் தூர்வாரச் சொன்னால் நிதியில்லை, பூங்கா திறக்க மட்டும் நிதி உண்டு... சரி, அதெல்லாம் தங்கள் துறை இல்லை. மன்னிக்கவும்.

கேட்பது இதுதான். இரவு 8 முதல் காலை 6 வரையிலான வெப்பநிலை, அரைகுறையாக எரிவதைக் காட்டிக்கொடுக்கும் கார்பன் மோனாக்சைடு பதிவுகளையும், புகையைச் சுத்திகரிக்காமல் நேரே வெளியே விடும் அவசரப் புகைவழி திறந்த நேரங்களையும் அந்தப் பலகையில் தமிழில் ஓடவிடச் செய்யுங்கள். கடந்த மூன்று மாதப் பதிவின் நகலை ஊராட்சி அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த ஆய்வுக்கு, தயவுசெய்து, ஆலைக்குச் சொல்லாமல் இரவில் வாருங்கள்.

இப்படிக்கு,
உலைக்குக் கிழக்கே குடியிருக்கும் ஒருவன்