11ஏ இருக்கையும் அவசரப் பேச்சும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், விடுப்பு முடிந்து திரும்புவதற்காகத் திருச்சியில் டிக்கெட் எடுக்கச் சென்றபோது, பணம் கூடுதலானாலும் பரவாயில்லை, 11ஏ இருக்கைதான் வேண்டும் என்று முகவரிடம் கேட்டிருக்கிறான். அகமதாபாத் விபத்துக்குப் பிறகு வேறு சிலரும் அப்படிக் கேட்டதாக முகவர் சொன்னாராம். பொறியியல் படித்த பிள்ளை அவன். அவன் மனத்திலேயே இப்படி ஒரு நம்பிக்கை எவ்வளவு எளிதாகக் குடியேறிவிட்டது என்ற வருத்தத்தில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் மருத்துவக் கல்லூரி விடுதியின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். தரையில் இருந்தவர்களிலும் 19 பேர் மாண்டனர். பிழைத்தவர் 11ஏ இருக்கையில் அமர்ந்திருந்தார் என்று செய்தி வந்ததுமே, அது ராசியான இருக்கை என்ற பேச்சு கைப்பேசிக்குக் கைப்பேசி பரவிவிட்டது. அந்த போயிங் 787 விமானத்தில் அவ்விருக்கை அவசர வழியை ஒட்டி இருந்தது உண்மைதான். தாம் இருந்த பகுதி விடுதியின் தரைத்தளத்தை ஒட்டி விழுந்ததாலும், வெளியேறச் சிறிது இடம் கிடைத்ததாலும் தப்பியதாக அவரே கூறினார். ஆனால் அவரைச் சுற்றி அமர்ந்திருந்த எவரும் பிழைக்கவில்லை என்பதை அந்தப் பேச்சு மறைத்துவிடுகிறது. மேலும், இருக்கை அமைப்பு விமானத்துக்கு விமானம் மாறும். எல்லா விமானங்களிலும் 11-ஆம் வரிசைக்குப் பக்கத்தில் அவசர வழி இருப்பதில்லை.

இருக்கையைப் பற்றிய பேச்சாவது பயத்தில் பிறந்தது என்று பொறுத்துக்கொள்ளலாம். ஜூலையில் முதற்கட்ட விசாரணை அறிக்கை வெளியானபோது எழுந்த பேச்சை என்னால் பொறுக்க முடியவில்லை. எஞ்சின்களுக்கு எரிபொருள் செல்வதைக் கட்டுப்படுத்தும் சுவிட்சுகள் இரண்டும் ஒரு விநாடி இடைவெளியில் அடுத்தடுத்து நிறுத்த நிலைக்குச் சென்றன என்றும், ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு விமானி கேட்க, தான் நிறுத்தவில்லை என்று மற்றவர் பதிலளித்தார் என்றும் அவ்வறிக்கை கூறியது. கேட்டவர் யார், பதில் சொன்னவர் யார் என்று அது சொல்லவில்லை. அப்படியிருந்தும், அன்று மாலையே தேநீர்க் கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் இறந்துபோன ஒரு விமானிக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இத்தகைய விசாரணையின் ஒரே நோக்கம் மறுபடியும் விபத்து நேராமல் தடுப்பதே, பழி சுமத்துவதன்று என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து விதிகளே சொல்கின்றன. அந்த விமானிகளின் வீட்டிலும் துக்கம் கேட்க ஆட்கள் வந்திருப்பார்கள் அல்லவா?

இன்னொன்று, ‘ஏர் பாக்கெட்’ என்ற பழைய கட்டுக்கதை. வானத்தில் ஆங்காங்கே காற்றில்லாப் பள்ளங்கள் இருப்பதாகவும், விமானம் அதில் விழுந்துவிடுவதாகவும் இன்றும் பலர் நம்புகிறார்கள். அப்படிப் பள்ளம் எதுவும் கிடையாது. மேலேறும் காற்றும் கீழிறங்கும் காற்றும்தான் விமானத்தைத் தூக்கிப் போடுகின்றன. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் மியான்மருக்கு மேலே குலுங்கியபோது, அது 6,000 அடி விழுந்தது என்று எங்கும் பேசப்பட்டது. உண்மையில் அந்த 6,000 அடி, குலுக்கலுக்குப் பின்னர் விமானிகள் தம் கட்டுப்பாட்டில் வைத்து இறக்கிய உயரம். குலுக்கலின்போது 4.6 விநாடிகளில் குறைந்த உயரம் 178 அடிதான் என்று சிங்கப்பூர் விசாரணையாளர்கள் தெரிவித்தனர். அந்தச் சில விநாடிகளிலேயே பெல்ட் அணியாதவர்கள் மேலே தூக்கி எறியப்பட்டுப் பின் கீழே விழுந்தார்கள். அந்தப் பயணத்தில் முதியவர் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். 6,000 அடி என்று கேட்டவர், அப்படி விழும்போது பெல்ட் என்ன செய்யும் என்று எண்ணுவார். 178 அடி என்று தெரிந்தவரோ பெல்ட்டை இறுக்கிக்கொள்வார்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், தரையிறங்கிய பயணிகள் விமானம் ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல் படை விமானத்தின் மீது மோதித் தீப்பிடித்தது. காவல் படை விமானத்தில் ஐவர் இறந்தனர். பயணிகள் விமானத்தில் எட்டு அவசர வழிகளில் மூன்றை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. ஒலிபெருக்கி அமைப்பும் வேலை செய்யவில்லை. இருந்தும், பணியாளர்கள் குரல் கொடுத்து வழிநடத்த, பயணிகள் பைகளை விட்டுவிட்டு இறங்கியதால் 379 பேரும் உயிருடன் வெளியேறினார்கள். அவர்களில் யார் எந்த எண் இருக்கையில் இருந்தார் என்று இன்றுவரை எவரும் கேட்டதாக நான் அறியேன்.

தங்கை மகனுக்கு 11ஏ கிடைக்கவில்லை. இறக்கைக்குப் பின்னால் ஓர் இருக்கை கிடைத்தது. அங்கிருந்து முன்னும் பின்னும் அவசர வழி எத்தனை வரிசை தள்ளியிருக்கிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளவும், தூங்கும்போதும் பெல்ட்டைக் கழற்றாமல் இருக்கவும் சொல்லி அனுப்பினேன். விமான விபத்துச் செய்திகள் வெளியிடும் நாள்களில், முதல் பக்கத்திலேயே ஒரு சிறு கட்டமிட்டு இந்தக் குறிப்புகளையும் அச்சிடுமாறு தங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.