பெரியா ஜெயித்திருந்தால்

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள ராமசுப்பு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து, டாக்டர் படிக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். பேத்தி வாசிக்கக் கேட்டேன். "பெரியாவைச் சுடாமல் விட்டிருந்தால் சோவியத் யூனியன் என்ன ஆகியிருக்கும்?" என்ற இடத்துக்கு வந்ததும், "எந்தப் பெரியா தாத்தா, பெரியப்பாவா?" என்றாள். காலேஜில் நாம் அடித்த அதே ஜோக். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அதற்கும் திட்டு விழுந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1953இல், ஸ்டாலினின் ரகசியப் போலீசை நடத்திய பெரியா பதவிப் போட்டியில் ஜெயித்திருந்தால், கோர்பச்சேவின் சீர்திருத்தம் முப்பது வருஷம் முந்தியே வந்திருக்கும் என்கிறாய். உன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. மார்ச் 5ஆம் தேதி ராத்திரி ஸ்டாலின் செத்தார். அந்த மாதமே பெரியா முன்மொழிந்த பொதுமன்னிப்பு வந்து, சிறை முகாம்களில் இருந்த சுமார் 25 லட்சம் பேரில் 12 லட்சம் பேருக்கு விடுதலை கிடைத்தது. ஏப்ரல் 4 அன்று, பொய் வழக்கில் பிடித்து வைத்திருந்த டாக்டர்களை விட்டார்கள். கைதிகளை அடிக்கக் கூடாது என்று உத்தரவே போட்டார். போட்டவர் யார்? வருஷக்கணக்கில் அடிக்கச் சொன்ன ஆள்! அவர் மனசு இளகிவிட்டதாக நான் நம்பவில்லை. முகாம்களின் கணக்குப் புத்தகம் அவர் கையில்தான் இருந்தது. அந்த வியாபாரம் நஷ்டம் என்பது மற்றவர்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த மன்னிப்பும் முக்கியமாக ஐந்து வருஷத்துக்குள் தண்டனை பெற்றவர்களுக்குத்தான். நீண்ட தண்டனையில் கிடந்த அரசியல் கைதிகளில் பெரும்பாலோர் உள்ளேயேதான் கிடந்தார்கள்.

பெரியாவைப் பிடித்த ஜூன் 26ஐ எடுத்துக்கொள். கிரெம்ளினில் கூட்டம். பக்கத்து அறையில் ராணுவத் தளபதிகள் ஷுக்கோவும் மொஸ்காலென்கோவும் துப்பாக்கியோடு காத்திருக்கிறார்கள். பிரதமர் மாலென்கோவ் பொத்தானை அமுக்கினால் உள்ளே வர வேண்டும். அடுத்து நாட்டின் தலைவரான குருஷ்சேவ் பிற்பாடு சொன்னபடி பார்த்தால், மாலென்கோவ் பதறிப்போய், பேச்சு முறையாக முடிவதற்குள்ளேயே அமுக்கிவிட்டார். கோட்டைக் காவல் முழுக்கப் பெரியாவின் ஆட்கள். அதனால் பிடித்த ஆளை இருட்டும் வரை உள்ளேயே வைத்திருந்து காரில் கடத்திக்கொண்டு போனார்கள். மாலென்கோவோ பெரியாவுக்கு வருஷக்கணக்காகக் கூட்டாளி. முந்தின நாள் ராத்திரி ஒரு போன் போட்டு, "நாளைக்குக் கூட்டத்துக்கு வராதே" என்று சொல்லியிருந்தால்? உன் கற்பனையை நான் இங்கேதான் தொடங்குவேன்.

ஜெர்மனி விஷயத்தில் உன்னோடு பாதி ஒத்துப்போகிறேன். கிழக்கு ஜெர்மனியில் அவசர அவசரமாகச் சோஷலிசம் கட்ட வேண்டியதில்லை என்பதில் மற்றவர்களைவிட அவர் ஒரு படி மேலே போனார். ஆனால் ஜூன் 17 அன்று பெர்லினில் தொழிலாளர்கள் தெருவில் இறங்கியபோது டாங்கிகள்தான் வந்தன. அப்போது பெரியா பதவியில்தான் இருந்தார், மறந்துவிடாதே.

என் கணக்கு வேறு. அந்த டிசம்பர் 23இல் பெரியாவைச் சுட்டார்கள். அதற்குப் பிறகு அவருடைய போலீஸ் ஆட்கள் சிலரைச் சுட்டார்களே தவிர, மேல்மட்டத் தலைவர்களில் தோற்றவன் எவனும் சுடப்படவில்லை. 1957இல் குருஷ்சேவைக் கவிழ்க்கப் பார்த்துத் தோற்ற மாலென்கோவைக் கஜகஸ்தானில் ஒரு மின் நிலையத்துக்கு மேனேஜராக அனுப்பினார்கள். அவரோடு சேர்ந்து தோற்ற மொலட்டோவ் மங்கோலியாவுக்குத் தூதர். அதே கூட்டத்து ககனோவிச் போன் போட்டு, "ஸ்டாலின் காலத்தில் செய்த மாதிரி என்னைச் செய்துவிடாதீர்கள்" என்று கெஞ்சியதைக் குருஷ்சேவே கட்சி மாநாட்டில் சொன்னார். அந்த ககனோவிச் 97 வயது வரை இருந்து 1991இல்தான் போனார். 1964இல் குருஷ்சேவின் முறை வந்தபோது அவருக்குப் பென்ஷனும் தோட்ட வீடும். பெரியா ஜெயித்திருந்தால் இந்த வழக்கம் வந்திருக்குமா? முதல் வாரமே குருஷ்சேவையும் ஷுக்கோவையும் தீர்த்திருப்பார். அப்புறம் பதவிக்கு வருகிற ஒவ்வொருவனும், தோற்றால் சாவு என்று தெரிந்தேதான் வந்திருப்பான். அப்படிப்பட்டவன் கைதிகளை விடுவித்தாலும் கயிற்றை விட்டுவிட மாட்டான்.

இன்னொன்று. பெரிய சோவியத் கலைக்களஞ்சியம் வாங்கியவர்களுக்குப் பிறகு ஒரு தபால் போயிற்று: ஐந்தாம் தொகுதியில் இந்த நான்கு பக்கங்களைக் கத்தரியாலோ பிளேடாலோ வெட்டி எடுங்கள், உள் ஓரத்தில் கொஞ்சம் விடுங்கள், கூட அனுப்பியிருக்கும் பக்கங்களை அதில் ஒட்டிக்கொள்ளுங்கள் என்று. போனது பெரியா, வந்தது பெரிங் கடலும் இன்னும் சிலதும். ரஷ்ய எழுத்து வரிசையில் பெரியாவின் முதல் எழுத்து இரண்டாவதாக வருகிறது, அதனால் அவர் முன்பே அச்சாகிவிட்டார். குருஷ்சேவின் எழுத்தோ வரிசையின் கடைசிப் பகுதியில் வருகிறது. அந்தத் தொகுதி அப்போது அச்சுக்கே போகவில்லை. ஆக, உன் கற்பனைச் சரித்திரத்தில் குருஷ்சேவை நீக்கப் பெரியாவுக்குப் பிளேடே தேவைப்பட்டிருக்காது. பாதுகாப்பு அமைச்சர் புல்கானினை நீக்கத்தான் கஷ்டம், அவர் பெயரும் பெரியாவின் எழுத்தில்தான் தொடங்குகிறது.

நியூ செஞ்சுரி புத்தக வேனில் நாம் எட்டணா, ஒரு ரூபாய் கொடுத்து வாங்கிய சோவியத் புத்தகங்களில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சத்தை வெயிலில் காயப் போட்டிருக்கிறேன். உன் பெயர் எழுதிய இரண்டு அதில் இருக்கின்றன. எப்போது என்னிடம் வந்தன என்று கேட்காதே. தைக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ. முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லையே?

உன்,
சண்முகம்