நடைப்பயிற்சியாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், ஒரு நாள் காலை நடையை விட்டுக்கொடுத்து இங்கே வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. ஒரு மாதம் மட்டும் கோரம் சேராமல் தள்ளிப்போனது. முதலுதவிப் பயிற்சி ஒரு நாள் நடந்தது. விடியுமுன் நடப்பவர்களுக்கு ஒளிரும் பட்டைகள் வாங்கிக் கொடுத்தோம். சிலர் அதை இன்னும் பாக்கெட்டிலேயே வைத்திருக்கிறார்கள், அது வேறு கதை. சந்தா பாக்கி பற்றிப் பொருளாளர் பேசுவார். அந்த விஷயத்தில் அவருக்கு என்னைவிடக் குரல் அதிகம்.

இனி, ஆண்டு முழுவதும் நம்மைப் பிடித்துக்கொண்டிருந்த விஷயம். போன பொதுக்குழுவில், வண்டி ஓட்டும்போது மெசேஜ் அடிப்பவர்களுக்கு எதிராகச் சட்டத்தைக் கடுமையாக்கச் சொல்லி மனு கொடுக்க வேண்டும் என்று ஒருமனதாகச் சொன்னீர்கள். சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடப்பது நம் சங்கத்தின் விதி. அதனால் ஓட்டுபவரின் முகம் நமக்கு நேராகத் தெரியும். தெரிய வேண்டும். இப்போதெல்லாம் பல வண்டிகளில் நமக்குத் தெரிவது உச்சந்தலைதான்.

மனுவை ஒரே இரவில் எழுதிவிட்டேன். அபராதத்தை இரட்டிப்பாக்குங்கள், லைசென்ஸைப் பிடுங்குங்கள், சிறையில் போடுங்கள் என்று மூன்று பத்தி. எழுதும்போது நல்ல சூடு. அதை நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற வழக்கறிஞர் வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், எதைத் தடுக்கச் சொல்கிறீர்கள்?"

எனக்குப் பதில் வரவில்லை. சரி, நேரில் போய்ப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரும் வேன் ஓட்டும் உறுப்பினர் ஒருவரும் காலையில் ஒரே சந்திப்பில், ஒரே இடத்தில், ஆளுக்கொரு நோட்டோடு நின்றார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இருவர் கணக்கும் ஒட்டவே இல்லை. ரெட் லைட்டில் நிற்கும்போது மெசேஜ் பார்த்தவரை அம்மா குறித்திருந்தார், வேன்காரர் விட்டிருந்தார். செல்போனை முகத்துக்கு எதிரே கண்ணாடி மாதிரி பிடித்து வாய்ஸ் மெசேஜ் பேசியவரை வேன்காரர் குறித்திருந்தார், அம்மா விட்டிருந்தார். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசியவருக்கு இருவர் நோட்டிலும் கேள்விக்குறி. தொடை மேல் போனை வைத்து, குனிந்து குனிந்து நிமிர்ந்தவர்களைப் பற்றி இருவரும் சாலையோரத்திலேயே வாக்குவாதம் செய்திருக்கிறார்கள். அதற்குள் எத்தனை பேர் கடந்துபோனார்களோ. எண்ணிக்கையைக் கைவிட்டோம். அதனால்தான் இந்த அறிக்கையில் அதற்கு ஓர் எண் இல்லை.

இதே குழப்பம் நீதிமன்றங்களிலும் நடந்திருக்கிறது. பிரிட்டனில் கையில் போனைப் பிடித்து ஓட்டுவதை 2003 டிசம்பரிலேயே தடை செய்தார்கள். 2017-ல் அபராதத்தை இரட்டிப்பாக்கி 200 பவுண்டு ஆக்கினார்கள். லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளி வேறு. லைசென்ஸ் வாங்கி 2 ஆண்டு ஆகாதவருக்கு அந்த 6 புள்ளியே லைசென்ஸைப் பறிகொடுக்கப் போதும். இவ்வளவு கடுமைக்குப் பிறகு, 2019-ல் ஒரு வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஒருவர் வண்டியை ஓட்டிக்கொண்டே விபத்து நடந்த இடத்தைப் போனில் வீடியோ எடுத்திருக்கிறார். சட்டம் சொல்வது தகவல் அனுப்புவதையும் பெறுவதையும்தான், படம் எடுப்பது அதில் வராது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஓட்டையை அடைக்க 2022 மார்ச் வரை ஆயிற்று. அபராதத் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எது குற்றம் என்பதில் ஓட்டை இருந்தால் அது பாத்திரத்தில் தண்ணீர் நிற்காத கதைதான்.

அந்த மெசேஜ் அப்படி என்ன செய்துவிடுகிறது என்று கேட்டவர்களும் நம் குழுவில் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிலையம் லாரிகளில் காமிரா வைத்து ஓட்டுநர்களைக் கவனித்து 2009-ல் ஒரு முடிவு வெளியிட்டது. மெசேஜ் அடிக்கும் லாரி ஓட்டுநருக்கு விபத்தோ, விபத்தின் விளிம்போ வரும் வாய்ப்பு 23 மடங்கு. 6 நொடி இடைவெளியை எடுத்துக்கொண்டால், அதில் 4.6 நொடி அவர் கண் சாலையில் இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 4.6 நொடியில் வண்டி சுமார் 77 மீட்டர் போய்விடும்.

77 மீட்டர் என்றால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதனால் நம் நடைபாதையில் டேப் பிடித்து அளந்து, இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டோம். நடந்து பார்த்தால் நூறு தப்படிக்கு மேல். நம் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தூரத்தை நடக்கிறேன் என்று கிளம்பினார். இருபது ஆண்டாகத் தினமும் நடக்கும் பாதை, எதிரே வண்டி கிடையாது, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் உண்டு. பன்னிரண்டாவது அடியில் கண்ணைத் திறந்துவிட்டார். அடுத்து முயன்றவர்களில் யாரும் முப்பதைத் தாண்டவில்லை. மழையில் அந்தக் கோடு அழிந்தது; திரும்பவும் போட்டிருக்கிறோம்.

இனி, கடுமை போதுமா என்ற கேள்வி. இந்தியாவின் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் தகவல் தொடர்புக் கருவியைப் பிடித்து ஓட்டுவது அங்கே அபாயகரமான ஓட்டுதல் என்ற பிரிவில் வருகிறது. முதல் தடவையே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்கு மேல் என்ன கடுமை கேட்பது? ஆனால் 2020-ல் விதிகளில் ஒரு விலக்கும் வந்தது: ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில், வழி பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம். நியாயமான விலக்குதான். "மேப் பார்த்தேன் சார்" என்ற பதிலும் அதோடு சேர்ந்தே வந்துவிட்டது.

என்னை யோசிக்கவைத்தது இன்னொரு ஆய்வு. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் இழப்புக் கணக்கைப் பார்க்கும் அமைப்பு ஒன்று, மெசேஜ் அடிக்கத் தடை கொண்டுவந்த 4 மாநிலங்களை 2010-ல் ஆராய்ந்தது. தடைக்குப் பிறகு விபத்துக்காகக் காப்பீட்டுப் பணம் கேட்டு வந்த கோரிக்கைகள் குறையவில்லை. சில இடங்களில் சற்றுக் கூடவும் செய்தன. போலீஸ் கண்ணில் படாமல் இருக்க, ஸ்டியரிங் மட்டத்தில் இருந்த போனை மடிக்கு இறக்கியிருப்பார்கள் என்பது அவர்கள் தந்த விளக்கம். தொடை மேல் போன் வைத்தவர்களைப் பற்றி நம் இருவரும் சண்டை போட்டார்களே, அந்தக் காட்சிதான். ஆனால் 2014-ல் வந்த வேறொரு ஆய்வில், மெசேஜ் அடிக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக வண்டியை நிறுத்தும் அதிகாரம் போலீசுக்கு இருந்த மாநிலங்களில் சாலைச் சாவு 3 சதவீதம் குறைந்திருந்தது. வேறு குற்றத்துக்காக நிறுத்தினால்தான் இதையும் கேட்கலாம் என்றிருந்த இடங்களில் குறிப்பிடும்படியான பலன் இல்லை. பிடிபடுவோம் என்ற பயம் இல்லாத இடத்தில் தண்டனையின் அளவு யாருக்கும் நினைவுக்கே வருவதில்லை என்பதுதான் என் கட்சி. மனுவின் முதல் பதிப்பை நான் கிழித்ததும் அதனால்தான்.

பிடிப்பதற்கு வழியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2019 டிசம்பர் முதல் காமிராக்கள் மேலிருந்து முன்கண்ணாடி வழியே மடியைப் பார்க்கின்றன. முதல் 3 மாதம் எச்சரிக்கைக் கடிதம் மட்டும், 2020 மார்ச் 1 முதல் அபராதம். "என் மடியைப் படம் எடுக்க இவர்கள் யார்?" என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். குற்றம் இல்லாத படங்களை உடனே அழிக்க வேண்டும் என்ற வரியை அவர் சொன்னபடியே புதிய மனுவில் சேர்த்திருக்கிறேன்.

வேன் ஓட்டும் உறுப்பினர் அன்று பேசியது இந்த ஆண்டின் மிக நல்ல பேச்சு. "ஆப்பில் ஆர்டர் வந்தால் இத்தனை நொடிக்குள் தொட வேண்டும். தொடவில்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். நான் வண்டியை ஓரங்கட்டி, நிறுத்தி, போனை எடுக்கும்வரை யார் காத்திருக்கிறார்கள்? அபராதம் என் பெயருக்கு வரும், ஆப் அவர்களுடையது." யாரும் பதில் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2012-ல் அமலுக்கு வந்த விதியில் வணிக வாகன ஓட்டுநருக்கு அபராதம் உண்டு. கையில் போன் பிடித்து ஓட்டச் சொல்லும் அல்லது கண்டும் காணாமல் விடும் நிறுவனத்துக்கு அதைவிடப் பெரிதாக 11,000 டாலர் வரை அபராதம் வைத்தார்கள். நமது மனுவில் இப்போது அதுவும் இருக்கிறது.

எதிர்க்கருத்தும் பதிவாக வேண்டும். போன ஆண்டு இருசக்கர வாகனம் மோதிக் கணுக்கால் உடைந்த நம் உறுப்பினர் கைத்தடியோடு வந்திருக்கிறார். அவர் சொன்னதை மினிட் புத்தகத்தில் உள்ளபடியே வாசிக்கிறேன்: "நான் கீழே கிடந்தேன். ஓட்டியவர் இறங்கி வந்து முதலில் தேடியது விழுந்துபோன அவர் போனை. எனக்குக் காமிராக் கணக்கெல்லாம் வேண்டாம். அந்த ஆளுக்குத் தண்டனை வேண்டும்." அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2009-ல் கொண்டுவந்த சட்டத்தில், மெசேஜ் அடித்தபடி ஓட்டி ஒருவரைக் கொன்றால் 15 ஆண்டு வரை சிறை உண்டு. உயிர் போனாலோ ஊனம் வந்தாலோ மட்டும் தண்டனையை உயர்த்தக் கேட்கும் பத்தியை அவருக்காகச் சேர்த்தேன். அது போதாது என்கிறார். இருக்கலாம். நான் அந்த இடத்தில் விழுந்து கிடக்கவில்லை.

அப்புறம், சொல்லாமல் விட முடியாத ஒன்று. ஒரு நாள் காலை ஆறேகாலுக்கு ஒருவர் வரவில்லை என்று நான் நம் வாட்ஸ்அப் குழுவில் "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். ஒரு நிமிடத்துக்குள் பதில்: "சிக்னல் தாண்டிட்டேன், ரெண்டு நிமிஷம்." நான் கட்டைவிரல் போட்டேன். அதே காரில் பின்சீட்டில் நம் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்ததும், ஓட்டியவர் அந்தப் பதிலை எழுதும்போது கார் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியதும் பிறகுதான் தெரியும். கேட்டவன் நான். நியூ ஜெர்சியில் 2013-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், எதிர்முனையில் இருப்பவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார், உடனே பார்த்துவிடுவார் என்று தெரிந்தே மெசேஜ் அனுப்புகிறவருக்கும் பொறுப்பு உண்டு என்றது. அந்த வழக்கில் அனுப்பியவர் ஆதாரம் போதாமல் தப்பினார். எனக்கு எதிராக ஆதாரம் நம் குழுவிலேயே இருக்கிறது, நேரத்தோடு.

அதன் பிறகு செயற்குழு ஒரு விதி வைத்தது: காலை ஐந்தரை முதல் ஏழு வரை குழுவில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. வராதவருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், நடக்கத் தொடங்கிவிடலாம். இதுவரை இரண்டு முறை மீறப்பட்டிருக்கிறது. இரண்டுமே பொருளாளர், இரண்டுமே சந்தா.

புதிய மனுவின் வரைவு உங்கள் நாற்காலிகளில் இருக்கிறது. போனைக் கையிலோ மடியிலோ வைத்து எதற்காகப் பயன்படுத்தினாலும், சிக்னலில் நின்றாலும், குற்றமாக வேண்டும். காமிராவில் பிடிக்க வேண்டும். ஓட்டும்போதே பதில் கேட்கும் நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் தண்டனை உயர வேண்டும். இவ்வளவுதான். ஹேண்ட்ஸ்ஃப்ரீ பற்றிச் செயற்குழுவில் ஒத்துப்போக முடியவில்லை. கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் கவனம் கெடுவது ஒன்றுதான் என்று யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-லேயே காட்டியிருக்கிறார்கள். தடை கேட்கலாம் என்றேன். காரில் புளூடூத் இருப்பவர்கள் அத்தனை பேரும் எதிர்த்தார்கள். அந்த வரியைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.

வரைவு இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக வாக்கெடுப்புக்கு வருகிறது. திருத்தம் இருந்தால் இங்கேயே எழுதிக் கொடுங்கள். குழுவில் அனுப்புவதானால் வீடு போய்ச் சேர்ந்த பிறகு அனுப்புங்கள். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்