நிதானமாக ஆள் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ அறைக்கு ஆள் தேடிப் போட்டிருந்த விளம்பரத்தைச் சித்தி பார்த்துவிட்டு எனக்கு அனுப்பினாள்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். பி.டி.எம். லேஅவுட், மெட்ரோவுக்கு நடக்கிற தூரம், காவிரித் தண்ணீர், போர் தண்ணீர் இரண்டும் உண்டு. 2024 கோடையில் பெங்களூர் தண்ணீருக்குப் பட்ட பாட்டுக்கு அதை முதலில் போட்டது கெட்டிக்காரத்தனம். ஆனால் 'உடனே வரலாம்' என்று மூன்று இடத்தில் எதற்கு? உன் அவசரம் தெரிந்தால் வருகிறவர்கள் அட்வான்ஸைக் குறை, வாடகையைக் குறை என்பார்கள்.

சமையலறைப் படத்தில் ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில் சுவர் சதுரமாகக் கறுத்துக் கிடக்கிறது. உன்கூட இருந்தவள் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டாளா? மாவை எங்கே வைக்கிறாய்? போன தீபாவளிக்கு நம் வீட்டில் உட்கார்ந்து அதிரசம் தட்டிய பெண். ஏன் போனாள் என்று உனக்குத் தோன்றும்போது சொல்.

அந்த ஊரில் ஆறு மாதம், பத்து மாதம் என்று அட்வான்ஸ் வாங்குகிறார்கள். அது வீட்டுக்காரரிடம் முடங்கிக் கிடக்கும். போகிறவள் பங்கை வருகிறவள் தந்தால்தான் கணக்குத் தீரும். அதற்காக வருகிற யாரையும் சரி என்று சொல்லிவிடாதே.

நீ நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் தூங்குகிறவள். ஏழு மணிக்கு மிக்சி ஓட்டுகிறவள் வந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி இருக்காது. 'யாராக இருந்தாலும் பரவாயில்லை' என்பதை எடுத்துவிட்டு உன் தூக்க நேரத்தை எழுது. கறி சமைப்பது, சிநேகிதர்கள் வந்து தங்குவது, வேலைக்கார அம்மா சம்பளத்தில் பங்கு, எல்லாவற்றையும் முதலிலேயே பேசு. போனில் மட்டும் பேசி முடிக்காதே. வீட்டுக்கு வரச்சொல், வரும்போது பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள். வருகிறவளோடு முன்னால் தங்கியிருந்தவளிடமும் ஒரு வார்த்தை விசாரி.

பட்டாளத்தில் இருக்கிறேன், கியூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்தால் அட்வான்ஸ் வந்துவிடும் என்று எவனாவது சொன்னால் உடனே போனை வை. பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். புதியவள் பெயரை வீட்டுக்காரருக்குத் தெரிந்தே அக்ரிமென்டில் சேர்க்க வேண்டும் என்று அப்பா சொல்லச் சொன்னார். 11 மாத அக்ரிமென்ட்தானே, புதிதாகவே போட்டுக்கொள்ளலாமாம்.

தனியாக வீடு பிடித்து, வீட்டுக்காரரிடம் கன்னடத்திலேயே பேசி வாடகை குறைத்தவள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்களிடம்தான் ஒரு மாதமாக "அப்புறம் பேசுறேன்ம்மா" என்கிறாய். அவசரப்பட்டு ஆள் சேர்க்காதே, பாப்பா.

அப்பாவின் எஃப்.டி. இந்த வாரம் முடிகிறது. உன் கணக்கில் போடச் சொல்லிவிட்டேன். போனவள் பங்கை முதலில் கொடுத்து முடி. மீதியில் ஃபிரிட்ஜ் வாங்கு. பணத்தைத் திருப்பி அனுப்பாதே.

அம்மா